போகியை எரித்துவிட்டு நட

இங்கிலாந்தின் தென்கிழக்குக் கடற்கரையில் டீல் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்குள்ள ராயல் சின்க் போர்ட்ஸ் கோல்ஃப் மைதானத்தில் 1909இலும் 1920இலும் ஓப்பன் சாம்பியன்ஷிப் நடந்திருக்கிறது. 2015 ஜூன் கடைசியில், ஓப்பனுக்கான இறுதித் தகுதிச்சுற்றை நான் அங்கே ஆடினேன். ஒரே நாளில் 36 குழி. 72 பேருக்கு மூன்றே இடம். எனக்கு அப்போது வயது 44.

காலைச் சுற்று நன்றாகவே போனது. மதியம் பின் ஒன்பது குழிகளைத் தொடங்கும்போதும் நான் கணக்கில் இருந்தேன். டீலில் கடைசி ஏழு குழிகளும் பெரும்பாலும் எதிர்க்காற்றில்தான் ஆட வேண்டியிருக்கும். நான்கு முறை அடித்து முடிக்க வேண்டிய ஒரு பார் நான்கு குழியில் என் டிரைவ், அதாவது முதல் அடி, காற்றில் தள்ளி ஒரு பாட் பங்கருக்குள் விழுந்தது. கிணற்று உறைபோல வட்டமாக, ஆழமாக இருக்கும் மணல்குழி அது. முன்சுவர் புல்கட்டிகளை அடுக்கிக் கட்டியது, கிட்டத்தட்ட என் தோள் உயரம். பந்து சுவரிலிருந்து இரண்டடி தள்ளிக் கிடந்தது. பக்கவாட்டில் வெளியே எடுக்கலாம் என்று கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் நான் குழியைக் காட்டும் கொடியைப் பார்த்தேன். முன்னோக்கி அடித்தேன். சுவரில் பட்டுக் காலடிக்கே திரும்பி வந்தது. இன்னொரு முறை அடித்தேன், அதேதான் நடந்தது. மூன்றாவதாகத்தான் பக்கவாட்டில் எடுத்தேன். அங்கிருந்து குழியைச் சுற்றியுள்ள கிரீன் புல்தரைக்கு ஒன்று, குழிக்குள் உருட்ட இரண்டு பட். மொத்தம் ஏழு.

முதலிலேயே பக்கவாட்டில் எடுத்திருந்தால் ஐந்து. சாயங்காலம் பலகையில் மதிப்பெண் எழுதி முடித்தபோது, மூன்றாவது இடத்துக்கும் எனக்கும் நடுவில் அந்த இரண்டு அடிதான் இருந்தது.

இதை எழுதுவது வருத்தத்தைச் சொல்லிக்கொள்வதற்காக அல்ல. இப்போது நம் ஊரிலிருந்து வெளிநாட்டுப் போட்டிகளுக்குப் போகத் தயாராகும் பிள்ளைகள் என்னிடம் கேட்பதெல்லாம் எவ்வளவு தூரம் அடிக்க வேண்டும், எந்த டிரைவர் மட்டையை வாங்க வேண்டும் என்பதுதான். ஒரு ஆட்டக்காரனாக, ஓப்பன் போன்ற மேஜர் எனப்படும் பெரிய போட்டியின் வாசல்வரை போய்த் திரும்பியவன் நான். பிறகு கேடியாக, வேறொருவரின் பேக்கைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளேயே போய்ப் பார்த்தவன். இரண்டு பக்கமும் பார்த்ததில் தெரிந்துகொண்டதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

நான் கோல்ஃபுக்கு வந்தது பேக் தூக்கித்தான். சென்னை நந்தனம் மைதானத்தில் பன்னிரண்டு வயதில் சேர்ந்தேன். உறுப்பினர்கள் ஆடி முடித்துப் போன பிறகு, யாரோ கழித்துப்போட்ட ஒரு ஏழாம் நம்பர் அயன் மட்டையை வைத்து மாமரத்தடியில் அடித்துப் பழகினேன். அப்படி வந்தவர்கள் இந்திய கோல்ஃபில் நிறைய உண்டு. 1991இல் இந்தியன் ஓப்பனை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அலி ஷேர் கேடியாக இருந்தவர். 2009இல் வென்ற பெங்களூர் முனியப்பாவும் அப்படித்தான். ஒரு கேடி அந்தக் கோப்பையைத் தூக்குகிறார் என்று கேள்விப்பட்ட நாளில் நந்தனத்தில் நாங்கள் யாரும் சீக்கிரம் வீட்டுக்குப் போகவில்லை.

எங்களுக்கெல்லாம் மூத்த கேடி ஒருவர் இருந்தார். பெரியவர் என்றுதான் கூப்பிடுவோம். எழுதப் படிக்கத் தெரியாது, காற்றைப் படிப்பார். பாரைவிட ஓர் அடி அதிகமானால் ஆங்கிலத்தில் அதற்கு போகி என்று பெயர். பெரியவருக்கு போகி என்றால் பொங்கலுக்கு முதல் நாள்தான். "போகி வந்துச்சுன்னா என்னடா பண்ணுவோம்? பழசப் போட்டு எரிச்சிட்டு வீட்டுக்குள்ள போவோம்ல? அதான். எரிச்சிட்டு நட" என்பார். நாங்கள் சிரிப்போம். அவர் சிரித்ததில்லை. டீலில் அந்தப் பங்கருக்குள் நின்றபோது அவர் சொன்னது எனக்கு ஞாபகம் வரவில்லை. ஞாபகம் வந்திருந்தால் ஐந்தோடு மேலே ஏறி வந்திருப்பேன்.

அடுத்த வருடம் தோள்பட்டை வலி அதிகமாகி, உள்நாட்டுச் சுற்றில் என் இடம் போனது. ஆசியச் சுற்றில் ஆடிக்கொண்டிருந்த ஓர் இளைஞர், "பேக் எடுக்குறீங்களா?" என்று கேட்டார். முதலில் மனம் ஒப்பவில்லை. இருபது வருடம் சொந்த ஆட்டம் ஆடியவனுக்கு மறுபடியும் பேக்கா என்று இருந்தது. வீட்டில் என் மனைவிதான், "பேக் தூக்கித்தானே இந்த வீட்டைக் கட்டினீங்க" என்றாள். போனேன். 2018 ஓப்பனுக்கு, ஸ்காட்லாந்தின் கார்னூஸ்டிக்கு, அவரோடு போனது அப்படித்தான்.

அந்தக் கோடையில் ஸ்காட்லாந்தில் மழை இல்லை. ஃபேர்வே என்ற நடுப் புல்வெளி எல்லாம் வைக்கோல் நிறம். சென்னையில் பந்து புல்லில் விழுந்தால் புல் பிடித்துக்கொள்ளும். இங்கே தார் ரோட்டில் விழுந்ததுபோல ஓடியது. முதல் பயிற்சிச் சுற்றில் நான் யார்டேஜ் புத்தகத்தில், அதாவது தூரக் குறிப்பேட்டில், குறித்துவைத்த எண்கள் பாதிக்குமேல் பயனில்லாமல் போயின. பந்து எங்கே விழும் என்பதைக் குறித்திருந்தேன்; எங்கே நிற்கும் என்பதைக் குறித்திருக்க வேண்டும். அன்று இரவு எல்லாவற்றையும் அடித்துவிட்டு இரண்டு கட்டமாக எழுதினேன்: விழும் இடம், நிற்கும் இடம். லிங்ஸ் மைதானத்துக்குப் போகிற யாருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். கடலோர மணல்மேட்டில், மரமில்லாமல், காற்றுக்குத் திறந்து கிடக்கும் மைதானங்களைத்தான் லிங்ஸ் என்கிறார்கள். அங்கே 150 யார்டு என்பது ஒரு தூரமே இல்லை. காற்று பின்னாலிருந்தால் குறுந்தூர மட்டையான வெட்ஜ் போதும், எதிரில் வந்தால் ஐந்தாம் நம்பர் அயனும் பற்றாது.

இன்னொன்று, கிரீனுக்கு வெளியிலிருந்தே பட்டர் மட்டையால் உருட்டப் பழக வேண்டும். 20 யார்டு, 30 யார்டு தள்ளிக்கூட. நம் மைதானங்களில் அதை யாரும் செய்வதில்லை; வெட்ஜை எடுத்துத் தூக்கிப் போடுவதுதான் அழகு என்று பழகிவிட்டோம். 2022இல் செயின்ட் ஆண்ட்ரூஸில் நடந்த 150ஆவது ஓப்பனில், கடைசி நாள் 17ஆம் குழியில் கேமரன் ஸ்மித்தின் பந்து ரோடு ஹோல் பங்கருக்குப் பின்னால் மறைந்து கிடந்தது. பங்கரைத் தாண்டித் தூக்கிப் போட்டால் கொடிக்குப் பக்கத்தில் நிறுத்தலாம், தவறினால் மணலுக்குள் போகும். அவர் பட்டரை எடுத்து, பங்கரைச் சுற்றி மேட்டில் ஏற்றி உருட்டினார். கொடியிலிருந்து பத்தடி தள்ளி நின்றது. அந்தப் பட்டைப் போட்டுப் பாரைக் காப்பாற்றினார். 64 அடித்து ஓர் அடி வித்தியாசத்தில் கோப்பை அவருக்கு. அதே நாளில் ரோரி மெக்கில்ராய் பதினெட்டுக் கிரீனையும் சரியான அடியில் பிடித்து, ஒவ்வொன்றிலும் இரண்டிரண்டு பட் போட்டு, மூன்றாவதாக முடித்தார். தப்பாக ஆடியவர் என்று அவரை யாரும் சொல்ல முடியாது. மேஜரில் நன்றாக ஆடியும் தோற்கலாம். அதற்கும் மனதைத் தயார் செய்துகொண்டுதான் போக வேண்டும்.

சில்லறை விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சில்லறை விஷயங்களில்தான் பெரிய ஆட்டக்காரர்களே விழுந்திருக்கிறார்கள். 2001இல் ராயல் லித்தம் மைதானத்தில் நடந்த ஓப்பனில் இயன் வூஸ்னம் கடைசி நாள் முதல் குழியில் பர்டி (பாரைவிட ஓர் அடி குறைவு) போட்டு முன்னணிக்கு வந்தார். இரண்டாவது குழியின் தொடக்க இடமான டீயில் பேக்கைப் பார்த்தால் இரண்டு டிரைவர், மொத்தம் பதினைந்து கிளப், அதாவது மட்டை. பதினான்குக்கு மேல் இருந்தால் அபராதம், இரண்டு அடி போனது. கேடி எண்ணியிருக்க வேண்டும். நான் ஒவ்வொரு நாளும் மூன்று முறை எண்ணுவேன்: அறையில், பயிற்சித் திடலில், முதல் டீயில். அதேபோல ஸ்கோர் அட்டை. 1968இல் மாஸ்டர்ஸ் என்ற மேஜர் போட்டியில் ராபர்டோ டி விசென்ஸோ 17ஆம் குழியில் மூன்று அடித்தார். கூட ஆடியவர் நான்கு என்று எழுதியதைக் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டார். கையெழுத்திட்ட கூடுதல் எண்ணே நிற்கும் என்பது விதி. சமநிலையை முறிக்கும் பிளேஆஃப் ஆட வேண்டியவர் ஓர் அடியில் இரண்டாமிடம். அன்று அவருக்குப் பிறந்தநாள்வேறு. அட்டையை உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு, ஒவ்வொரு குழியாக வாய்விட்டுப் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

2019இலிருந்து பந்து தேட ஐந்து நிமிடம் கிடையாது, மூன்றுதான். முன்பெல்லாம் கேடி பின்னால் நின்று குறி சரியா என்று பார்த்துச் சொல்வோம். ஆட்டக்காரர் அடிக்க நிற்கத் தொடங்கிய பிறகு அதுவும் இப்போது கூடாது. ஊரில் பழக்கதோஷத்தில் விட்டுவிடுகிற இந்த விஷயங்களை அங்கே நடுவர்கள் விடமாட்டார்கள்.

தூக்கம் ஒரு பெரிய பிரச்சினை. ஜூலை மாதம் ஸ்காட்லாந்தில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும், காலை ஐந்துக்கு முன்பே விடிந்துவிடும். ஓப்பனில் 156 பேரும் முதல் டீயிலிருந்தேதான் கிளம்ப வேண்டும். அதனால் முதல் ஆள் காலை ஆறரை வாக்கில் தொடங்கினால் கடைசி ஆள் கிளம்ப மாலை நான்காகிவிடும். காலையில் ஆடுகிறவருக்கு ஒரு வானிலை, மாலையில் ஆடுகிறவருக்கு வேறொன்று. இதை அநியாயம் என்று புலம்பி ஒரு சுற்றையே இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்குத் தெரிந்து அதற்கு மருந்து கிடையாது. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கொண்டுபோங்கள், மழைக் கையுறை இரண்டு ஜோடி வையுங்கள், துண்டைக் குடைக்குள்ளே தொங்கவிடுங்கள். மற்றது உங்கள் கையில் இல்லை.

இனி கார்னூஸ்டியின் கதைக்கு வருகிறேன். சுற்றிச் சுற்றி அந்தப் பதினெட்டாம் குழிதான் என் மனதில் இருக்கிறது.

499 யார்டு, பார் நான்கு. பாரி பர்ன் என்ற ஓடை வளைந்து வளைந்து வந்து, கிரீனுக்கு முன்னால் குறுக்கே ஓடுகிறது. அகலம் பார்த்தால் நம் ஊர் வாய்க்கால் அளவுதான். 1999 ஓப்பனின் கடைசி நாளில் ஜான் வான் டி வெல்டே மூன்று அடி முன்னணியோடு அங்கே நின்றார். ஆறு அடித்தாலும் கோப்பை அவருக்கு. டிரைவரை எடுத்தார், வலப்பக்கம் போனது. இரண்டாவது அடி பார்வையாளர் மேடையில் பட்டு, ஓடைச் சுவரில் பட்டு, பின்னால் வந்து முழங்காலளவுப் புல்லில் விழுந்தது. மூன்றாவது ஓடையில். காலணியைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கி நின்ற அந்தப் படத்தைப் பார்க்காத கோல்ஃபர் கிடையாது. அவரைப் பார்த்துச் சிரிப்பவர்களோடு எனக்கு ஒட்டாது. தண்ணீரை விட்டு ஏறி, அபராதத்தோடு ஆடி, அதுவும் பங்கரில் விழுந்து, அங்கிருந்து எடுத்து, கடைசிப் பட்டைப் போட்டு ஏழில் முடித்தார் அந்த மனிதர். அந்தப் பட் உள்ளே போகாவிட்டால் பிளேஆஃபே இல்லை. பிளேஆஃபில் பால் லாரி வென்றார்.

2007இல் அதே குழியில் பாட்ரிக் ஹாரிங்டன் இரண்டு முறை ஓடையில் போட்டார். அவர் முடித்தது ஆறு அடியில். இரண்டு பந்து தண்ணீரில் போன பிறகும் ஒரு சிப், ஒரு பட் என்று அவர் காப்பாற்றிய அந்த ஆறுதான் அவரைப் பிளேஆஃபுக்குக் கொண்டுபோய், செர்ஜியோ கார்சியாவைத் தோற்கடித்துக் கோப்பையை வாங்கிக் கொடுத்தது. நான் பார்த்ததிலேயே மிகப் பெரிய இரட்டை போகி அது.

இன்னும் பழைய கணக்கு ஒன்று. 1975இல் டாம் வாட்சன் இதே கார்னூஸ்டியில் வென்றபோது, பிளேஆஃபையும் சேர்த்து ஐந்து சுற்றிலும் 16ஆம் குழியில் ஒருமுறைகூட அவருக்குப் பார் கிடைக்கவில்லை. ஐந்து நாளும் அங்கே போகி எழுதிவிட்டு 17ஆம் டீக்கு நடந்து போயிருக்கிறார், கடைசியில் வென்றிருக்கிறார். அதே ஆண்டு ஜானி மில்லர் 18ஆம் குழியின் வலப்பக்கப் பங்கரிலிருந்து வெளியே வர இரண்டு அடி எடுத்து, ஓர் அடியில் பிளேஆஃபைத் தவறவிட்டார். அந்தப் பங்கருக்கு இன்றும் அவர் பெயரைத்தான் சொல்கிறார்கள்.

2018 ஓப்பனின் வெள்ளிக்கிழமை. காலையில் மழை. வியாழக்கிழமை சுமாராக ஆடியிருந்த எங்கள் பையன் அன்று பிடிவாதமாக ஆடி, 18ஆம் டீக்கு வரும்போது 'கட்' எனப்படும் தகுதிக் கோட்டுக்குள் ஓர் அடி மிச்சத்தோடு இருந்தார் என்பது என் கணக்கு. முதல் 70 இடத்துக்குள் வருகிறவர்களும் அதற்குச் சமமானவர்களும்தான் சனி, ஞாயிறு ஆடலாம். மற்றவர்கள் வெள்ளி இரவே பெட்டி கட்டிவிட வேண்டும். டிரைவ் வலப்பக்கம் போனது. நடக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, ஜானி மில்லரின் பங்கர்.

மேலே நின்று பார்த்தேன். ஈர மணல். பந்துக்கும் முன்சுவருக்கும் நடுவில் மூன்றடி இருந்திருக்கும். டீலில் நான் நின்ற இடமே கண்முன் வந்தது. அவர் உள்ளே இறங்கி, கொடியைப் பார்த்தார். நான் அந்தப் பார்வையை அறிவேன்.

"எட்டாம் நம்பர் சுவரைத் தாண்டிடும், அண்ணே."

"தாண்டலாம்."

"ஓடைக்கு முன்னாடி கொண்டுபோய் வச்சிடுவேன்."

"தாண்டலன்னா?"

பதில் இல்லை. மழை தொப்பியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு கேடிக்கு அந்த இடத்தில் அதிகாரம் கிடையாது. ஆட்டம் அவருடையது, பெயர் அவருடையது. ஆனால் பேக் என் கையில் இருந்தது. நான் எட்டாம் நம்பரை எடுக்காமல், சாண்ட் வெட்ஜை உருவி, பிடியைத் துடைத்து, அவர் பக்கம் நீட்டினேன். "ஐந்து எழுதலாம் தம்பி. ஐந்து போதும்" என்றேன். என் குரல் நடுங்கியது என்று பிறகு அவர் சொன்னார்.

அவர் வெகுநேரம் பார்த்தார். வாங்கிக்கொண்டார். இடப்பக்கம் திரும்பி நின்று, ஃபேர்வேக்கு எடுத்தார். அங்கிருந்து மூன்றாவது அடி ஓடையைத் தாண்டிக் கிரீனின் பின்பாதியில் போய் நின்றது. நாற்பதடி. முதல் பட் இரண்டடியில், இரண்டாவது உள்ளே. ஐந்து.

மதியம் ஒரு மணி அளவில் முடித்தோம். மிச்சம் வைத்திருந்த அந்த ஓர் அடியும் போய், இப்போது சரியாகக் கோட்டின்மேல். மதியம் ஆடுகிறவர்கள் நன்றாக ஆடினால் நாங்கள் வெளியே. அறைக்குப் போக இருவருக்கும் மனமில்லை. அவர் ஒரு மணி நேரம் பட் போட்டார், பிறகு அதையும் நிறுத்தினார். மழை விட்டு வெயில் வந்தது, அதைப் பார்த்து எங்கள் வயிறு கலங்கியது. நல்ல வானிலையில் எல்லாரும் பர்டி போடுவார்களே. மைதான ஊழியர்களுக்கான கூடாரத்தில் சூப்பும் ரொட்டியும் சாப்பிட்டோம். நான் டீல் கதையை அவருக்கு அன்றுதான் முதல் முறையாகச் சொன்னேன். பெரியவரைப் பற்றியும் சொன்னேன். போகிப் பண்டிகையை அவருக்குப் புரியவைக்கக் கொஞ்ச நேரமானது. அவர் வடக்கே வளர்ந்தவர், அங்கே அந்த நாளில் லோஹ்ரி என்று நெருப்பு மூட்டிக் கொண்டாடுவார்கள். "ஓ, நாங்களும் எரிப்போம் அண்ணே" என்றார்.

பெரிய பலகையில் கோடு இரண்டு முறை மேலே போய், கீழே வந்தது. ஒன்பதரைக்குக் கடைசிக் குழு 18ஐ முடித்தபோது கோடு எங்கள் எண்ணிலேயே நின்றது.

பிரான்செஸ்கோ மோலினாரி அந்த வாரம் கடைசி 37 குழிகளில் ஒரு போகிகூட இல்லாமல் ஆடி வென்றார். எங்கள் பையன் வெகு கீழே முடித்தார். ஆனால் நான்கு நாளும் ஆடினார், அடுத்த பருவத்துக்கு அந்தப் பணம் உதவியது.

இப்போது நந்தனத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது வாரத்தில் ஒரு நாள் ஒதுக்கிவைத்திருக்கிறேன். அன்று கொடியைக் கிரீனிலிருந்து எடுத்துவிடுவோம். பந்தை மரத்தடியில், வேலியோரத்தில், பங்கர் சுவரை ஒட்டிப் போடுவேன். பக்கவாட்டிலோ பின்னாலோ மட்டும்தான் அடிக்கலாம். பிள்ளைகளுக்குப் பிடிப்பதில்லை. பெற்றோர்களுக்கு அதைவிடப் பிடிப்பதில்லை. இதற்கா பணம் கட்டுகிறோம் என்று ஒருவர் நேரடியாகவே கேட்டார். நான் நிறுத்தவில்லை. மூன்று மாதத்தில் ஒவ்வொரு பிள்ளையின் அட்டையிலும் ஏழும் எட்டும் குறைந்து ஐந்தும் ஆறுமாக ஆகிறது, நானே கூட்டிப் பார்த்துக்கொண்டு வருகிறேன்.

கார்னூஸ்டியில் அந்தச் சனிக்கிழமை எங்களுக்குக் காலையிலேயே, ஏறக்குறைய முதல் ஆளாக, நேரம் ஒதுக்கியிருந்தார்கள். பார்வையாளர் மேடை முக்கால்வாசி காலி. அறிவிப்பாளர் அவர் பெயரையும் இந்தியா என்பதையும் சொன்னார். பத்திருபது பேர் கைதட்டினார்கள். நான் பேக்கைத் தரையில் நிறுத்தி, அன்று மூன்றாவது முறையாக, மட்டைகளின் தலைகளைத் தொட்டுத் தொட்டு எண்ணினேன். பதினான்கு.